எண்ணிக்கையில் விழாதவர்கள்: திருச்சியிலிருந்து கோடியக்கரை வரை

பிப்ரவரி 9, திங்கள்: திருச்சி, கொட்டப்பட்டு

போர் நடக்கும் நாட்டுக்கு நிவாரண வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஆள் எண்ணக் கற்றுத்தர வேண்டும். அரிசி மூட்டை, தண்ணீர்த் தொட்டி, மருந்துப் பெட்டி எல்லாம் அதற்கு அப்புறம். எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்பதை உடம்பில் அனுபவித்தவர்கள், இலங்கைப் போருக்குத் தப்பி வந்த தமிழர்கள், நம் காவிரிக் கரையிலேயே நாற்பது வருஷமாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

திருச்சி விமான நிலையத்துப் பக்கம் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம். காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகைச் சுட்டது. முகாம் வாசல் கடையில் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும், ஐந்து இடியப்பம் 30 ரூபாய். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் முதலில் தேத்தண்ணி வருகிறது. "குடிச்சிட்டுக் கதைப்பம், என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வீட்டு அம்மா பேச ஆரம்பித்தார். முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து, 1990இல் படகேறி வந்தவர். அவருடைய தங்கை குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் வைத்த கணக்கு இது: 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். மாத உதவித்தொகையையும் அதே அறிவிப்பில்தான் கூட்டினார்கள்: குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 3,500 ரூபாய். முகாம்களின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியதும் அப்போதுதான்.

பணம் கொடுக்கும் முன் தணிக்கை. அட்டையில் உள்ள ஆள் நேரில் நிற்க வேண்டும். ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள். நாள் கூலி 900, 1,000 என்று போகிற நேரத்தில், 1,500 ரூபாய்க்காக இரண்டு நாள் வேலையை விட்டு வரவேண்டியிருக்கிறது. வராமல் இருந்துவிடலாமே என்றால் முடியாது, தொகையோடு பெயரும் போய்விடும் என்ற பயம். அவர்கள் இங்கே அகதியாகப் பதிந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த அட்டைதான் காகிதம்.

காகிதச் சிக்கலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு, பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றாலும் கிடையாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து இதே கொட்டப்பட்டில் வளர்ந்த பெண் ஒருவர் 2022இல் உயர் நீதிமன்றம் போய்த்தான் கடவுச்சீட்டு உரிமையைப் பெற்றார். முகாம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் 1987க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்டவர்கள் மேல் ஆவணம் இல்லை என்று வழக்குப் போடுவதில்லை என 2025 செப்டம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. பெரிய ஆறுதல்தான், ஆனால் குடியுரிமை இல்லை.

திரும்பிப் போக விரும்புகிறவருக்கும் காகிதம் வேண்டும். இங்கே பிறந்த பிள்ளையைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குத் தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று. அவை எரிந்துபோயிருந்தால் அங்குள்ள பதிவகத்தில் நகல் எடுக்க வேண்டும். பதிவேடே அழிந்துபோயிருந்தால் 'உத்தேச வயது' சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலை அதிகமாகத் தடுக்கி விழுவது பெயரில். இலங்கைச் சான்றில் தகப்பன் பெயர் முழுசாக முன்னால் நிற்கும்; முகாம் அட்டையில் அது ஓரெழுத்துத் தலைப்பெழுத்தாகச் சுருங்கியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே மாதக் கணக்கில் அலைகிறார்கள். பிள்ளை பள்ளியில் சேரும்போதே பெயரை ஒரே எழுத்தில் நிறுத்திவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

பிப்ரவரி 10, செவ்வாய்: கும்பகோணம் பக்கம்

ராத்திரி பருவம் தப்பிய மழை. திருவையாறு தாண்டியதும் ரோட்டோரம் முழுக்கத் தார்ப்பாய். சம்பா அறுவடை நேரத்தில் இப்படி ஒரு மழை பெய்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழியில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒதுங்கினோம். "ஈரப்பதம் இருபதைத் தாண்டிக் காட்டுது. பதினேழுக்குக் கீழ வந்தாத்தான் எடுப்பாங்க. இன்னைக்குக் காயுமான்னு தெரியல" என்றார் குவியல் பக்கத்தில் நின்ற விவசாயி. இருந்த கவலையிலும் எங்களுக்கு உட்கார ஒரு காலிச் சாக்கை விரித்துப் போட்டார். டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

அங்கே எடை போட்டுத் தைக்கிற சிப்பம் 40 கிலோ. நிவாரண அரிசிக் கணக்கையும் அந்தச் சிப்பத்திலேயே போட்டுப் பார்க்கலாம். உலக உணவுத் திட்டம் வழக்கமாகத் தரும் பங்கு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசியோ கோதுமையோ 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, உப்பு 5. இதோடு சத்துமாவும் கொஞ்சம் சர்க்கரையும். எல்லாம் சேர்ந்து 2,100 கலோரிக்குக் கிட்ட வரும். இதில் எதைக் குறைத்தாலும் எண்ணெயை மட்டும் குறைக்கக் கூடாது. மூட்டையில் இடத்தை அடைக்காமல் அதிகக் கலோரி தருவது அதுதான்.

2009 தொடக்கத்தில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், வடக்கே வன்னிப் பகுதியில் சிக்கியிருந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்று இலங்கை அரசு சொன்னது. களத்தில் இருந்த அரச அதிகாரிகளே அனுப்பிய கணக்கு 3,30,000. ஆளுக்கு 400 கிராம் என்றால் முதல் கணக்குக்கு நாளைக்கு 28 டன் அரிசி, அதாவது 700 சிப்பம், பத்து டன் லாரி மூன்று. இரண்டாவது கணக்குக்கு 132 டன். 3,300 சிப்பம், லாரி பதினான்கு. அந்த 700 சிப்பத்தை 3,30,000 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 85 கிராம் அரிசி. சுமார் 300 கலோரி. அந்த 700 சிப்பமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் இந்த 85 கிராமும். 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தார்கள். அதன் பிறகு எப்போதாவது ஒரு லாரி வரிசை போயிற்று, 2009 ஜனவரியோடு அதுவும் நின்றது. மே மாதம் போர் முடிந்தபோது முகாம்களில் எண்ணப்பட்டவர்கள் 2,80,000க்கும் மேல். எந்தக் கணக்கு சரி என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குள் இறந்துபோனவர்களை எண்ண ஆளில்லை. பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்று 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு எழுதியது. மருத்துவமனைகள் மேலும் உணவு வரிசைகள் மேலும் அரசுப் படை குண்டு போட்டதையும், வெளியேறப் பார்த்த சனங்களைப் புலிகள் தடுத்ததையும், சுட்டதையும், பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனதையும் அதே அறிக்கை பதிந்திருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்கள் அந்தச் சனங்களுக்காகப் பேசவில்லை.

கொட்டப்பட்டு அம்மா தன் தங்கை சொன்னதாகச் சொன்னது: "ஒரு சுண்டு (சிறு அளவு டப்பா) அரிசியை மூண்டு நாளைக்குக் கஞ்சி காய்ச்சினவையாம். உப்பு இருந்தால் உப்பு. தேங்காய் விழுந்து கிடந்தால் பால் விட்டினம். பெரியாக்கள் குடிச்ச மாதிரிக் காட்டிப்போட்டுப் பிள்ளையளுக்கு ஊத்துவினம்." மே மாதம் வந்தால் ஈழத் தமிழர் இருக்கும் இடமெல்லாம் காய்ச்சுவது அந்தக் கஞ்சியைத்தான்.

கஞ்சி பெரியவர் உயிரைச் சில வாரம் பிடித்து வைக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது போதாது. சின்ன வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிடும். கொழுப்பும் புரதமும் உள்ளே போகாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு இடது கையின் மேற்பகுதிச் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். 125 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஊட்டக்குறைவு (நாடாவில் மஞ்சள்), 115க்குக் கீழே போனால் உயிராபத்து (சிவப்பு). கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு அங்கன்வாடிப் பணியாளர் அந்த நாடாவை எடுத்துக் காட்டினார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவைக் குறித்துக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, நாடா தோலைத் தொட வேண்டுமே தவிர அழுத்தக் கூடாது. இழுத்துப் பிடித்தால் நல்ல பிள்ளையும் சிவப்பில் விழும், தளர விட்டால் சாகக் கிடக்கும் பிள்ளை மஞ்சளில் தப்பிவிடும். சிவப்பில் விழுந்த பிள்ளைக்கு வயிறாரச் சோறு போடுவது ஆபத்து. பட்டினியில் ஒடுங்கிய உடம்பு திடீரென்று வரும் உணவைத் தாங்காமல் இதயம் நின்றுவிடலாம். மருத்துவர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். பசி எடுத்து, வேறு சிக்கல் இல்லாத பிள்ளைக்கு 92 கிராம் நிலக்கடலைப் பசைப் பொட்டலம், ஒன்றுக்கு 500 கலோரி. அதற்குத் தண்ணீர் கலக்க வேண்டாம் என்பதே பெரிய நன்மை.

நம் ஊரில் நிவாரணம் என்றதும் பால்பவுடர் டப்பா சேர்ப்பதை நிறுத்த வேண்டும். அழுக்குத் தண்ணீரில் கரைத்த பால்பவுடர் குழந்தையை வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், தாய்ப்பாலையும் நிறுத்திவிடும். பழந்துணியும் வேண்டாம். பணமாகக் கொடுங்கள். கொடுத்தது யாருக்குப் போனது என்று கேளுங்கள்.

ராத்திரி கும்பகோணத்தில் இட்லியும் கடப்பாவும், இரண்டு பேருக்கு 110 ரூபாய்.

பிப்ரவரி 11, புதன்: நாகப்பட்டினம்

திருவாரூர் தாண்டி அறுவடை இயந்திரங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டதில் பஸ் ஒன்றரை மணி நேரம் நின்றது. கண்டக்டர் இறங்கிப்போய் முன்னால் நின்றவர்களோடு சேர்ந்து வைக்கோல் கட்டுகளை ஓரம் தள்ளினார். பின் சீட்டுப் பெண் மடியிலிருந்த முறுக்கைப் பஸ் முழுக்கப் பங்கு வைத்தார். நாகூரில் இறால் வாடா 15 ரூபாய், சூடாக.

நாகை மாவட்டம் 2004 சுனாமியில் 6,000க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. உப்பேறிய கிணறுகளைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நேரடி அறிவு உண்டு. அலை போன பிறகு, கிணற்றை மோட்டார் வைத்து இறைத்து இறைத்துச் சுத்தம் செய்யப் பார்த்தார்கள். இறைக்க இறைக்க உப்பு கூடியது. கடலோர மணலில் மழைத்தண்ணீர் கனம் குறைந்ததால் உப்புத்தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கும். மேலே உள்ள நல்ல தண்ணீரை வேகமாக இழுத்தால் கீழே உள்ள உப்பு மேலேறி வந்துவிடும். ஒரு தரம் சேற்றையும் குப்பையையும் எடுத்துவிட்டு, பிறகு வாளியால் மெதுவாக மேலாக மொள்ள வேண்டும். மீதியை அடுத்த மழை சரிசெய்யும்.

2009இல் வன்னிச் சனங்கள் ஒதுங்கிக் கிடந்த முல்லைத்தீவுக் கடற்கரையான புதுமாத்தளன் மணலிலும் இதே நிலைதான். இங்கே அலை ஓய்ந்ததும் லாரியில் தண்ணீர் வந்தது, அங்கே அதுவும் இல்லை. ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்பது அவசரகால அளவு, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. மூன்று லட்சம் பேருக்கு 45 லட்சம் லிட்டர். மணலில் தோண்டிய ஊற்றுக்கு முப்பது மீட்டருக்குள் கழிப்பிடம் கூடாது. கூடாரத்துக்குக் கூடாரம் ஒட்டிக் கிடக்கிற இடத்தில் அந்த முப்பது மீட்டரை எங்கே தேடுவது? முதல் நாட்களில் ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பிடமாவது வேண்டும், பிறகு இருபது பேருக்கு ஒன்று. பெண்கள் இருட்டும்வரை காத்திருந்து போகிறார்கள் என்று தெரிந்தால், அந்த முகாமில் கழிப்பிடத்தின் இடமோ எண்ணிக்கையோ தப்பு என்று அர்த்தம்.

கிணற்றுக்குக் குளோரின் போடுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை மாதிரித் தோன்றும். ஒன்றரை மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 3,500 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஏறத்தாழ 9 கிராம். பசையாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிய விட வேண்டும். தெளிந்த மேல்நீரை மட்டும் வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கு அடியில் மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இரண்டு காரணம். ஒன்று, திறந்து வைத்த பழைய மூட்டை, வீரியம் போயிருக்கும். இல்லையென்றால் தண்ணீர் கலங்கல்; அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். கலங்கல் தண்ணீரை முதலில் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டாமல் மருந்தைக் கூட்டிப் பயனில்லை.

நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று கப்பல் விட்டார்கள். நாலு மணி நேரப் பயணம். உயிருக்குப் பயந்து இரவில் கடந்த கடலில் இப்போது டிக்கெட் எடுத்துப் போகலாம் என்பது நல்ல விஷயம். முகாம் அட்டை மட்டும் உள்ளவர் அதில் ஏற முடியாது.

பிப்ரவரி 12, வியாழன்: வேதாரண்யம், கோடியக்கரை

காற்றில் உப்பு. பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சி வரப்புக் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. சாப்பாடு 80 ரூபாய், மீன் குழம்போடு. கடைக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டே நின்று குழம்பு ஊற்றினார்.

உப்புப் பாத்திப் பெண்களோடு பேச்சு உப்புச் சர்க்கரைக் கரைசலில் போய் நின்றது. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு மருந்துக்கடைப் பொட்டலம் கிடைக்காத இடத்தில், சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, தூள் உப்பு அரை. கல் உப்பைக் கரண்டியால் அளக்கக் கூடாது, கல்லுக்குக் கல் அளவு மாறும். சுவை கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. உப்பு கூடினால் கரைசலே பிள்ளையைக் கொன்றுவிடும். ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம்.

2009இல் இதே பிப்ரவரி 12 அன்றுதான் புதுமாத்தளன் கடற்கரை ஓரத்தை இரண்டாவது 'பாதுகாப்பு வலயம்' என்று இலங்கை அரசு அறிவித்தது. கோடியக்கரை மணலில் முழங்கால் ஆழம் தோண்டிப் பார்த்தால் அங்கே பதுங்குகுழி எப்படி இருந்திருக்கும் என்று புரியும். பக்கச் சுவர் நிற்காது, சரிந்துகொண்டே வரும். இடுப்பளவு போவதற்குள் தண்ணீர் ஊறும். புடவைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். மேலே தென்னை, பனைக் குற்றிகள். மழை பெய்தால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே உட்கார வேண்டும். குழியை விட்டு வெளியே வந்ததெல்லாம் கஞ்சி வரிசைக்கும் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும்தான். நிறையப் பேர் அடிபட்டதும் அப்போதுதான். அதனால் உணவு கொடுக்கும் இடம் ஒன்றாக இருக்கக் கூடாது, பலவாகப் பிரிந்திருக்க வேண்டும்.

காயம்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் அந்தப் பிப்ரவரி முதல் மே வரை கடல் வழியாக ஏற்றிப் போனது. காயப்பட்டோர், நோயாளிகள், கூடப் போனவர்கள் சேர்த்து 13,000க்கும் மேல். மயக்க மருந்தும் ரத்தம் ஏற்றும் பையும் தீர்ந்துபோன தற்காலிக மருத்துவமனைகளில் அங்குள்ள மருத்துவர்கள் கை கால்களை வெட்டி எடுத்து உயிரைக் காத்தார்கள். அவர்களுக்கு என்ன மருந்து எவ்வளவு அனுப்புவது என்பதும் அந்த 70,000 என்ற எண்ணில்தான் மாட்டிக்கொண்டது.

காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்னமும் ஒத்த கணக்கு இல்லை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று அவர்களைத் தேடும் தாய்மார் போராட்டமாகத் தெருவில் உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள அவர்கள் மனம் ஒப்பவில்லை. வாங்கினால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. 2016இல் இலங்கைச் சட்டத்தைத் திருத்தி, 'காணாமற்போனவர்' என்றே ஒரு சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். வங்கிக் கணக்கு, நிலம், பிள்ளையின் படிப்புக்கு அது உதவும். ஆள் எங்கே என்ற கேள்விக்கு அது பதில் தராது.

கோடியக்கரையில் வயதான மீனவர் ஒருவர் 1990இல் கரையேறியவர்களை நினைவு வைத்திருந்தார். "ராவுல வந்து எறங்குவாங்க தம்பி. சேத்துல கால் பொதைஞ்சு நிக்கும், கூப்புடக்கூடப் பயம் அதுங்களுக்கு. கஞ்சி வச்சுக் குடுத்துட்டுத்தான் போலீசுக்குச் சொல்லுவோம்." கரையேறியவர்களைப் பதிகிற காகிதம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, தன் கண்முன் நடந்த ஒன்றைச் சொன்னார். பெயர் வைக்காத கைக்குழந்தையோடு வந்த பெண்ணைப் பட்டியலில் ஒற்றை ஆளாகவே எழுதிக்கொண்டு போனார்களாம்.

இது எல்லா நாட்டிலும் நடக்கிற தவறு, தவிர்க்கவும் முடியும். குடும்பத்துக்கு ஒரு வரி என்று எழுதக் கூடாது, ஆளுக்கு ஒரு வரி. பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், கிராம சேவகர் பிரிவு (இலங்கையின் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு), கடைசியாக இருந்த இடம். பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லித் தமிழிலேயே எழுதி, எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். வழியில் பிரிந்தவர், இறந்தவர் பெயரையும் அப்போதே தனித் தாளில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் தேதி மாறிவிடும். தனியாக வந்த பிள்ளையை, யாரோடு வந்து இறங்கியதோ அவர் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும், வேறு முகாமுக்கு அனுப்பக் கூடாது. இரண்டு நகல், ஒன்று அவர்கள் கையில். கைக்குழந்தைக்குப் பெயர் இல்லாவிட்டாலும் தனி வரிசை எண் கொடுத்து, ஆணா பெண்ணா, எத்தனை மாதம், தாய் யார் என்று எழுத வேண்டும். தாயின் பெயருக்குப் பக்கத்தில் 'குழந்தை ஒன்று' என்று குறித்து வைத்தால் அட்டை அச்சாகும்போது அது விழுந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குப் பாலும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, பதினெட்டு வயதில் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.